ஃபைல் உள்ளே போவதற்கு முன்

பல் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் ரூட் கேனல் பற்றி எழுகிற கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான்: எவ்வளவு ஆகும், எத்தனை தடவை வரணும், வலிக்குமா. எந்தப் பல், அதில் எத்தனை கேனல் (வேருக்குள் நரம்பு ஓடும் மெல்லிய குழாய்), யார் செய்யப்போகிறார் என்று கேட்பவர் அரிது. ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றுவது போல இதுவும் எல்லாப் பல்லுக்கும் ஒரே வேலை என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. மேல் முன்பல்லில் அகலமாக, நேராக ஒரே ஒரு கேனல். நான்கு விரற்கடை தள்ளியிருக்கும் மேல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர், பல சமயம் நான்கு கேனல், அதில் ஒன்று தேடினாலொழியக் கண்ணில் படாது. இரண்டு வேலைக்கும் பெயர் ஒன்றாக இருப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இந்தியாவில் பி.டி.எஸ். முடித்த எந்தப் பல் மருத்துவரும் ரூட் கேனல் செய்யலாம். அது அவர்கள் படிப்பிலேயே இருக்கிறது, நாட்டில் நடக்கிற ரூட் கேனல்களில் பெரும்பங்கை அவர்கள்தான் செய்கிறார்கள். அதற்கு மேல் மூன்று வருடம் எம்.டி.எஸ்.ஸில் 'கன்சர்வேட்டிவ் டென்டிஸ்ட்ரி அண்ட் எண்டோடான்டிக்ஸ்' படித்தவர் எண்டோடான்டிஸ்ட். பெயருக்குப் பின்னால் எம்.டி.எஸ். என்று இருந்தால் மட்டும் போதாது, எந்தப் பிரிவு என்று பார்க்கணும். பல்லுக்குக் கம்பி கட்டுகிறவரும் எம்.டி.எஸ்.தான், ஈறு பார்க்கிறவரும் எம்.டி.எஸ்.தான். இந்த விஷயத்தில் ஜனங்கள் இரண்டு கட்சி. 'எதுக்கு ஸ்பெஷலிஸ்ட், எல்லாம் பணம் பிடுங்குற வேலை' என்பது ஒன்று. 'எதுக்கு ரிஸ்க், நேரா ஸ்பெஷலிஸ்ட்கிட்டயே போயிடு' என்பது இன்னொன்று. இரண்டு பேரும் டாக்டரை எடை போடுகிறார்கள். எடை போட வேண்டியது பல்லை. அதையும் முதல் ஃபைல், அதாவது கேனலைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற ஊசி போன்ற கருவி, உள்ளே போவதற்கு முன்பே செய்துவிடணும். பாதி வேலை நடந்து கெட்டுப்போன பிறகு ஸ்பெஷலிஸ்டைத் தேடுவதுதான் இங்கே வழக்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் கைக்கு வருவது பழைய பல் இல்லை.

பல்லின் நம்பர்

உங்கள் ஓ.பி. சீட்டில் 11, 26, 36, 47 என்று ஒரு நம்பர் இருக்கும். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதைச் சொல்கிறது: 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. 11, 21 என்றால் மேல் முன்பற்கள். இவற்றில் அடிபட்ட வரலாறு இல்லாமல், எக்ஸ்ரேயில் கேனல் கறுப்புக் கோடாகத் தெளிவாகத் தெரிந்து, நேராக இருந்தால், ரப்பர் டேம் (பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் ஷீட்) கட்டி நிதானமாக வேலை செய்கிற எந்த டாக்டரும் போதும். ஸ்பெஷலிஸ்ட் செய்தாலும் அதே வேலைதான் நடக்கும். கீழ் முன்பற்கள் அப்படியில்லை. பார்க்கக் குச்சி மாதிரி இருக்கிற அந்தப் பற்களில் பத்துக்கு மூன்று நான்கில் இரண்டு கேனல் இருக்கும். இரண்டாவது நாக்குப் பக்கம் ஒளிந்திருக்கும், பல்லை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நீட்டித் திறந்தால்தான் தெரியும். 16, 26 பற்றித் தனியே சொல்கிறேன். 37, 47 சில பேருக்கு 'சி' எழுத்து மாதிரி வளைந்த ஒற்றைப் பிளவாக இருக்கும், வட்டமான ஃபைல் அந்தப் பிளவின் எல்லா மூலையையும் தொடாது. கீழ் முன்கடைவாய்ப் பல் பாதி வழி வரை ஒரே கேனலாகப் போய் அங்கே இரண்டாகப் பிரிந்தால், அனுபவசாலிக்கும் கை நடுங்கும்.

அமெரிக்க எண்டோடான்டிஸ்டுகள் சங்கம் இதற்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கிறது. பல்லை எளிது, நடுத்தரம், கடினம் என மூன்றாகப் பிரிக்கும் படிவம். அதில் வேரின் வளைவு 10 டிகிரிக்குள் என்றால் எளிது, 10 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடினம். பல் சாய்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே கணக்கு. எக்ஸ்ரேயில் கேனல் தெரிகிறதா, மங்கலா, தெரியவே இல்லையா என்பது இன்னொரு வரி. இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியது. அந்தப் படிவத்தில் பல்லைத் தாண்டிய வரிகளும் இருக்கின்றன, அவற்றைத்தான் நம் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. வாய் எவ்வளவு திறக்கும்? உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்துவாட்டில் முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் போனால் சரி. இரண்டுதான் போகிறது என்றால் கடைசிக் கடைவாய்ப் பல்லில் மிஷினும் ஃபைலும் நேராக இறங்க இடமிருக்காது. பாக்கு, குட்கா பல வருடமாகப் போட்டுக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகிப்போனவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. அப்படி இறுகிய வாயை முதலில் வாய் மருத்துவர் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. பிறகுதான் பல். எக்ஸ்ரே ஃபிலிம் வைத்தாலே ஓங்கரிக்கிறவர்கள், முன்பு இரண்டு மூன்று ஊசி போட்டும் மரத்துப்போகாதவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கு சோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடுகிறவர்கள் எல்லாரும் ஸ்பெஷலிஸ்ட் பக்கம் சாய்கிறவர்களே. அந்த ஊசி போட்டவர்களுக்குப் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. அதனால் அவர்களுக்கு ரூட் கேனல் முதல் தடவையே சரியாக அமைய வேண்டும். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரூட் கேனல் பொதுவாகத் தடையில்லை. இருதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டு வராதீர்கள்.

இருபத்தாறாம் நம்பர் பல்லின் தரை

மேல் முதல் கடைவாய்ப் பல்லைத் திறந்தால் நடுவே ஒரு சிறு அறை. அதன் கூரையை எடுத்துவிட்டால் தரை தெரியும். சுவர்கள் வெளிர்மஞ்சள், தரை அதைவிடக் கறுத்த சாம்பல். தரையில் மெல்லிய கோடுகள் ஓடும், அந்தக் கோடுகளின் முனைகளில்தான் கேனல் வாய்கள் இருக்கும். அண்ணத்துப் பக்கம் ஒன்று, பெரிது, தவறாது கிடைக்கும். கன்னத்துப் பக்கம் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று. மூன்றையும் சேர்த்தால் முக்கோணம். முன் கன்னவேர் மட்டும் மற்ற இரண்டைப் போல உருண்டையாக இருக்காது. புத்தகத்தைக் குத்துவாட்டில் நிறுத்தியது போலத் தட்டையாக, கன்னத்திலிருந்து அண்ணம் நோக்கி நீண்டிருக்கும். அவ்வளவு தட்டையான வேருக்குள் ஒற்றை வட்டக் கேனல் மட்டும் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டாவது கேனலை டாக்டர்கள் 'எம்.பி. டூ' என்பார்கள். அது முதலாவதிலிருந்து ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அண்ணத்துப் பக்கம் தள்ளி, முதலாவதையும் அண்ணத்துக் கேனலையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும். அதன் மேல் பல்லின் சுவரே ஒரு திண்ணை மாதிரி நீட்டி மூடிக்கொண்டிருக்கும். அந்தத் திண்ணையை அல்ட்ராசோனிக் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டணும். ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கியதும் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அதில் முனை 0.08 மி.மீ. அல்லது 0.10 மி.மீ. உள்ள ஃபைலை வைத்தால் லேசாகப் பிடிக்கும். ஹைப்போகுளோரைட் என்கிற கழுவும் மருந்தை ஊற்றி வைத்தால் உள்ளே மிச்சமிருக்கிற சதை கரைந்து, அந்தப் புள்ளியிலிருந்து மட்டும் சோடா மாதிரிக் குமிழி வரும்.

சுரண்டும்போது எவ்வளவு தூரம் போகலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அறையின் தரைக்கும், கீழே வேர்கள் பிரிகிற இடத்துக்கும் நடுவே சுமார் மூன்று மில்லிமீட்டர்தான். திசை பிசகி இறங்கினால் தரை ஓட்டையாகிவிடும். பல் எலும்பைப் பார்த்துத் திறந்துகொள்ளும், ரத்தம் நிற்காமல் வரும். உடனே எம்.டி.ஏ. என்கிற சிமெண்டால் அடைத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. 1990-களில் அந்தச் சிமெண்ட் வருவதற்கு முன் இப்படிப்பட்ட பற்களில் பலவும் கழிந்துவிடும். இந்த இடத்தில் மைக்ரோஸ்கோப் உதவுவது போல அனுபவம் மட்டும் உதவாது. வெறும் கண்ணால் தேடினால் இந்த நான்காவது கேனல் கிடைப்பது சிறு பங்குதான். லூப் என்கிற பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி மாட்டினாலே நிலைமை வெகுவாக மாறுகிறது, மைக்ரோஸ்கோப் இன்னும் கொஞ்சம் கூட்டுகிறது. ஆகவே உங்கள் பல் 16 அல்லது 26 என்றால் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை வருஷ சர்வீஸ் டாக்டர்?' என்பது இல்லை. 'எதை வைத்துப் பார்த்துச் செய்வீர்கள்?' என்று கேளுங்கள்.

இந்தக் கேனல் விட்டுப்போனால் உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் இதில் உள்ள சூது. மூன்று கேனலும் அழகாக நிரப்பப்பட்டு எக்ஸ்ரேயில் மூன்று வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று தெரியும். கேப் போட்டாயிற்று. ஒரு வருடமோ, மூன்று வருடமோ கழித்து முறுக்கு கடிக்கும்போது ஒரு மாதிரி இருக்கும், பல் லேசாக உயர்ந்தது போல ஒரு உணர்வு. சாதாரண எக்ஸ்ரே எடுத்தால் கன்ன எலும்பின் நிழல் வேர்நுனி மேல் விழுந்து ஒன்றும் தெரியாது. மூக்கின் ஒரு பக்கம் மட்டும் சைனஸ் தொல்லை விடாமல் இருந்தால், அதன் மூலம் இந்தப் பல்லின் வேர்நுனியாகவும் இருக்கலாம், காது மூக்கு தொண்டை டாக்டர்களும் இதை விசாரிப்பதுண்டு.

மூன்று கிடைத்துவிட்டது, நான்காவது கிடைக்கவில்லை

வேலை பாதியில் இருக்கிற ஒரு நிமிடம் இருக்கிறது. பல்லைத் திறந்தாயிற்று, மூன்று கேனல் கிடைத்துவிட்டது. மணி ஏழரை, வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள், நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசியின் வேகம் குறையத் தொடங்கிவிட்டது. டாக்டர் இப்போது மூன்றையும் நிரப்பி மூடிவிடலாம். யாருக்கும் தெரியாது, அவருக்கே உறுதியாகத் தெரியாது. அல்லது கை எடுத்துவிடலாம். கண்டுபிடித்த கேனல்களைக் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு பேஸ்ட் வைத்து, மேலே டெம்பரரி ஃபில்லிங் அடைத்து, 'இன்னொரு கேனல் இருக்கும்னு நினைக்கிறேன், இதை எண்டோடான்டிஸ்ட் பார்க்கட்டும்' என்று சொல்லலாம். நம் ஆட்கள் இந்த இரண்டாவது டாக்டர் மேல்தான் கோபப்படுகிறார்கள். 'தெரியலைன்னா எதுக்கு ஆரம்பிச்சார்? பாதி வேலைக்கு எதுக்குக் காசு?' என்பார்கள். இந்தக் கோபம் தவறு என்பது என் உறுதியான அபிப்பிராயம். திறந்து பார்க்காமல் தெரியாத விஷயங்கள் உண்டு. நிறுத்தத் தெரிந்தவர்தான் அந்தப் பல்லுக்கு நல்லது செய்தவர். காசு விஷயத்தில் ஒரு விலை பேசிக்கொள்ளுங்கள், ஆனால் அவரை விட்டுவிடாதீர்கள். அடுத்த பல்லுக்கு அவரிடமே போங்கள்.

கை எடுக்க வேண்டிய மற்ற இடங்களும் இதே மாதிரிதான். கேனல் 14 மி.மீ. வரை போய் அதற்கு மேல் ஃபைல் இறங்காமல் 'டக்' என்று முட்டினால், அது அடைப்போ, வளைவில் தப்பாக வெட்டிய படியோ ஆக இருக்கும். அந்த இடத்தில் அழுத்தினால் படி ஆழமாகும், இல்லையென்றால் வேரின் பக்கவாட்டில் ஓட்டை விழும். சிறு ஃபைலின் முனையைச் சற்று வளைத்து, தண்ணீர் விட்டு, பொறுமையாகத் தடவித் தேடணும். அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும், பொது கிளினிக்கில் அந்த நேரம் கிடைக்காது. ஃபைல் உடைவதும் உண்டு. நிக்கல் டைட்டானியம் ஃபைல் வளைந்த கேனலுக்குள் சுழன்று சுழன்று களைத்து, முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். உடைவது குற்றமில்லை, யாருக்கும் நேரும். சொல்லாமல் மறைத்து மேலே நிரப்புவதுதான் குற்றம். உடைந்த துண்டு ஒன்றும் விஷமில்லை, ஆனால் அதற்குக் கீழே சுத்தம் செய்யாத பகுதியில் கிருமி இருந்தால் அதுதான் தொல்லை. வேர்நுனியில் சீழ்க்கட்டி இல்லாத பல்லில், கடைசிக் கட்டத்தில் உடைந்தால் பல சமயம் அப்படியே விட்டுவிட்டுக் கண்காணிக்கலாம். முதல் ஃபைலிலேயே உடைந்து, நுனியில் கறுப்பு நிழலும் இருந்தால் எண்டோடான்டிஸ்ட் பார்த்தாக வேண்டும். வளைவுக்குக் கீழே போன துண்டை எடுக்கிறேன் என்று வேரை அகலமாகக் குடைந்தால் பல் பின்னால் பிளக்கும் என்பதால், எடுப்பதா, பக்கவாட்டில் கடந்து போவதா, விட்டுவிடுவதா என்பதும் அவர் முடிவு.

அனுப்புகிற டாக்டரிடம் ஒரு சீட்டு கேட்டு வாங்குங்கள். எந்தக் கேனல் எத்தனை மில்லிமீட்டர், எந்த சைஸ் ஃபைல் வரை போனது, உள்ளே என்ன மருந்து இருக்கிறது, எது உடைந்தது என்று நான்கு வரி போதும். முதலில் எடுத்த எக்ஸ்ரேயும், ஃபைல் உள்ளே இருக்கும்போது எடுத்த எக்ஸ்ரேயும் வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். தாங்க முடிகிற வலி என்றால், ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கிற அன்று காலை வலி மாத்திரை வேண்டாம். குளிர்ச்சி வைத்துப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது எல்லாம் மாத்திரையால் மழுங்கி, எந்தப் பல் என்பதே குழம்பிவிடும். கீழ்க் கடைவாய்ப் பல் வலி காதில் தெரியும், மேல் பல் வலி நெற்றிப்பொட்டில் தெரியும். இந்தக் குழப்பத்தில் தப்பான பல்லைத் திறப்பதும் நடக்கிறது. எந்தப் பல் என்று ஒரு டாக்டர் உறுதியாகச் சொல்ல முடியாத வலியே ஸ்பெஷலிஸ்டுக்குப் போக நல்ல காரணம்.

ஏற்கெனவே செய்த பல்

ரூட் கேனல் செய்த பல்லில் மறுபடி வலியோ, ஈறில் வந்து வந்து போகிற சீழ்க்கொப்புளமோ இருந்தால் இங்கே தயங்கவே வேண்டாம், எண்டோடான்டிஸ்ட்தான். கேப்பைக் கழற்றணும், உள்ளே ஆணி இருந்தால் அதை எடுக்கணும், கேனலில் நிரப்பிய பழைய கட்டா பெர்ச்சா என்கிற ரப்பர் போன்ற பொருளைக் கரைத்து வெளியே இழுக்கணும், அதற்கு அப்புறம்தான் விட்டுப்போன கேனலைத் தேடுவது. முதல் தடவையை விட இது கடினம், கையிலிருக்கும் பல்லும் குறைவு. இந்தக் கட்டத்தில் சி.பி.சி.டி. என்கிற முப்பரிமாண ஸ்கேனுக்குச் செலவழிப்பது வீண் இல்லை. முழுத் தாடைக்கு வேண்டாம், அந்தப் பகுதிக்கு மட்டும் சிறிய அளவில் எடுத்தால் படம் கூர்மையாகவும் இருக்கும், கதிர்வீச்சும் குறையும். மேலேயிருந்து போக வழியில்லை என்றால் ஈறைத் திறந்து வேர்நுனியை மூன்று மில்லிமீட்டர் வெட்டி, பின்புறமிருந்து எம்.டி.ஏ. வைத்து அடைப்பார்கள். மூன்று என்பதற்குக் காரணம், கிளை கேனல்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி மூன்று மில்லிமீட்டரில்தான் இருக்கின்றன.

ஸ்பெஷலிஸ்டாலும் காப்பாற்ற முடியாத பல்லும் உண்டு, அதை முதலிலேயே தெரிந்துகொள்வது செலவை மிச்சப்படுத்தும். வேர் நெடுக்குவாட்டில் பிளந்திருந்தால் பல் முடிந்தது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளவுக் கம்பி எல்லா இடத்திலும் இரண்டு மூன்று மி.மீ. போய், ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறுகலாகப் பத்து மி.மீ. இறங்கினால் பெரும்பாலும் அதுதான். அதேபோல ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மி.மீ. நல்ல பல் மிஞ்சவில்லை என்றால் கேப் பிடிமானமின்றிப் பெயர்ந்து வரும். ரூட் கேனல் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் பயனில்லை. 'ரூட் கேனல் ஆகுமா?' என்பதற்கு முன் 'கேப் நிக்குமா?' என்று கேளுங்கள்.

கழுத்து வரை வீங்கி, காய்ச்சல் அடித்து, நாக்குக்கு அடியில் கெட்டிப்பட்டு, எச்சில் விழுங்கவே கஷ்டமாக இருந்தால் எண்டோடான்டிஸ்ட் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. அது மூச்சை அடைக்கும் வீக்கம், நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. வீக்கம் இல்லாத வெறும் பல் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் அமாக்ஸிசிலின் வாங்கிச் சாப்பிடுவதால் பயனில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நரம்பு வீங்கி ரத்த ஓட்டம் செத்துக்கொண்டிருக்கிற பல்லுக்குள் அந்த மாத்திரை போய்ச் சேராது. அன்றைக்கு வலியை நிறுத்தப் பல்லைத் திறந்துவிட யாராக இருந்தாலும் போதும், மீதியை யார் செய்வது என்பதை நிதானமாக முடிவு செய்யலாம்.

நம் ஊரில் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. தெருமுனை கிளினிக்கிலேயே வாரம் ஒருநாள் சாயங்காலம் எண்டோடான்டிஸ்ட் வந்து செய்துவிட்டுப் போவார். நல்ல ஏற்பாடுதான், அலைச்சல் மிச்சம். ஆனால் அவர் பையில் மைக்ரோஸ்கோப் வராது, லூப்தான் வரும். சாதாரணக் கடைவாய்ப் பல்லுக்கு அது போதும். அடைபட்ட கேனல், உடைந்த ஃபைல், இரண்டாம் முறை வேலை என்றால் மைக்ரோஸ்கோப் இருக்கிற இடத்துக்கு நீங்கள் போவதே மேல். தனியார் செலவு கட்டாதவர்களுக்கு சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இதற்கென்றே துறை இருக்கிறது. மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், நேரம் அதிகம் பிடிக்கும், பல தடவை போகணும், ஆனால் அவசரப்படுத்த யாரும் இல்லை. எங்கே போனாலும் ரப்பர் டேம் கட்டுகிறார்களா என்று பாருங்கள். 1864-இல் நியூயார்க்கில் ஒரு பல் டாக்டர் கண்டுபிடித்த சாதாரண ரப்பர் ஷீட் அது. எச்சிலைத் தடுத்து, ஃபைல் தொண்டைக்குள் விழாமல் காக்கிறது. 'ஒரே சிட்டிங், லேசர்' என்று போர்டு வைக்கிற கிளினிக்குகளிலும் அது இல்லாமல் வேலை நடப்பதுண்டு.

ஸ்பெஷலிஸ்ட் முடித்ததும் கேப்புக்கு உங்கள் பழைய டாக்டரிடமே திரும்பலாம். பெரும்பாலான எண்டோடான்டிஸ்டுகள் அப்படித்தான் அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று நாள் கடித்தால் கூசுவது சகஜம். அதற்கு அப்புறம் வலி இல்லை என்று கேப்பைத் தள்ளிப்போடுவதில்தான் நிறைய நல்ல ரூட் கேனல்கள் பாழாகின்றன. டெம்பரரி ஃபில்லிங் மூன்றரை, நான்கு மி.மீ. கனம் இருந்தால்தான் எச்சிலைத் தடுக்கும், அதையும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நம்ப முடியாது. அதுவரை அந்தப் பக்கம் கடலை மிட்டாய் வேண்டாம். ஃபில்லிங் பெயர்ந்து விழுந்துவிட்டால் பக்கத்தில் இருக்கிற எந்தப் பல் டாக்டரிடமாவது அன்றைக்கே போய் அடைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஸ்பெஷலிஸ்ட் தேவையில்லை.